வெறும் வயிற்றில் மேற்கோள்

ஆய்வாளர்களுக்கு மேற்கோள் அளவை ரத்தத்தில்தான் பார்ப்பார்கள், அதுவும் வெறும் வயிற்றில். ஒருவருடைய கட்டுரையை யாராவது எடுத்துக்காட்டினால், எழுதியவரின் கழுத்திலுள்ள சின்னஞ்சிறு சுரப்பி ஒரு சொட்டுச் சுரக்கும். அவர்களுடைய உடம்பு அதில்தான் ஓடுகிறது.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் தைராய்டு ஆராய்ச்சி செய்துவந்த எப்சிபாவுக்கு அந்த வருஷம் ஒரே அசதி. முடி கொட்டியது. சித்திரை வெயிலிலும் சால்வை தேவைப்பட்டது. ஒருநாள் காலை அவள் கணவன் தங்கதுரை அவளைக் கூப்பிட வாயெடுத்து, பெயர் நினைவுக்கு வராமல், "இந்தா, பாரும்மா" என்று சமாளித்தான். அன்றே இருவரும் டாக்டர் நமச்சிவாயத்திடம் போனார்கள்.

அங்கே எப்சிபாவுடன் வேலை பார்க்கும் ஞானப்பிரகாசம் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை நோய் பற்றி அவர் எழுதியதை உலகமே மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தது. கண்கள் பிதுங்கியிருந்தன, கை நடுங்கியது.

"தூக்கமே இல்லைம்மா. நமக்கு ராத்திரின்னா பிரேசில்காரனுக்குப் பகல். ஏதாவது ஒரு கட்டுரையை வாபஸ் வாங்கச் சொல்றார் டாக்டர். எதைன்னு வாபஸ் வாங்க? எல்லாம் பெத்த பிள்ளை மாதிரி."

டாக்டர் எப்சிபாவின் அறிக்கையைப் பார்த்தார்.

"உப்பளப் பெண்களோட தைராய்டு பத்தி எழுதினீங்களே, அது வெளிவந்து வருஷக்கணக்காச்சு. ஒருத்தர்கூடத் தொடலை."

"இன்னும் இறங்கினா என்ன ஆகும் சார்?" என்று தங்கதுரை கேட்டான்.

"'மற்றும் பலர்' ஆயிடுவாங்க. ஆனபிறகு பெயர் திரும்பாது."

தங்கதுரை மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் சுயமேற்கோள் எழுதிக்கொடுத்தார். காலையில் எழுந்ததும் தன் கட்டுரையிலிருந்து ஒரு வரியைத் தானே எடுத்துக்காட்ட வேண்டும். அதன்பின் அரைமணி நேரம் காப்பி கூடாது.

எப்சிபா அப்படியே செய்தாள். அசதி கொஞ்சம் விட்டது, ஆனால் நெஞ்சு விம்மிக்கொண்டு நின்றது. ஒருநாள் சாப்பாட்டில், "நான் முன்பே நிறுவியபடி, குழம்பில் புளி அதிகம்" என்றாள்.

"நீயா பேசுற?" என்றான் தங்கதுரை.

"மருந்து பேசுது" என்றாள். அவளுக்கே பிடிக்கவில்லை. மறுநாள் முதல் நிறுத்திவிட்டாள்.

நிறுத்தியதும் பழையபடி குளிர் வந்தது. கல்லூரி வாயிற்காவலர் அவளிடம் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். பெயர் போவதற்குள், கட்டுரையில் இருக்கும் பெண்களிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று எப்சிபா உப்பளத்துக்குப் பேருந்து ஏறினாள்.

மதியச் சாப்பாட்டு நேரம். ஓலைக் கொட்டகையில் தூக்குவாளிகளைத் திறந்துகொண்டிருந்த பெண்களிடம், கால் வீங்குவதும் எழுந்திருக்க முடியாமல் போவதும் பலருக்குக் கழுத்துச் சுரப்பியால் வருவது, மாத்திரையில் சரியாகும் என்று சொன்னாள். அந்த ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்களில் ஒருத்தியான பேச்சியம்மாள் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப இது சோம்பேறித்தனம் இல்லையா?"

"இல்லை."

"இத எப்பக் கண்டுபிடிச்சிய?"

"ரத்தம் எடுத்தோமே, அந்த வருஷமே."

"பொறவு ஏன் எங்கட்ட சொல்லல?"

பேச்சியம்மாள் தன் வாளி மூடியில் கொஞ்சம் சோறும் கருவாடும் வைத்து எப்சிபாவிடம் நீட்டினாள்.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் மாமியாரிடம், "நான் ஒண்ணும் சோம்பேறி இல்ல. எப்சிபா டாக்டர் சொல்லிருக்காவ, இது கழுத்துல உள்ள கோளாறுன்னு" என்றாள். அதே நேரம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த எப்சிபாவின் காது மடல்கள் சூடாயின. மறுநாள் ரேஷன் கடை வரிசையில் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். உப்பளக் கணக்கப்பிள்ளையிடம் ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். எப்சிபா சால்வையை மடித்து அலமாரியில் வைத்தாள். சமையலறையிலிருந்து தங்கதுரை, "எப்சிபா, தேங்காய் துருவணுமா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, இன்னொருமுறை சும்மா கூப்பிட்டுப் பார்த்தான்.

அடுத்த பரிசோதனையில் அளவு ஏறியிருந்தது.

"வாய்வழி மேற்கோள்" என்றார் டாக்டர். "பட்டியல்ல வராது. ஆனா உடம்புல நல்லா ஒட்டும்." பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கேன் எடுத்தார். திரையை வெகுநேரம் பார்த்தார்.

"வயித்துல ஒரு கட்டுரை இருக்கு. முன்னுரை நல்லா உருவாயிருக்கு. முடிவுரை தெரிய இன்னும் நாளாகும்."

தங்கதுரை குனிந்து பார்த்தான். "தமிழா, இங்கிலீஷா சார்?"

டாக்டர் சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். கருவிலிருக்கும் கட்டுரை எந்த மொழி என்று தெரிவிப்பது தண்டனைக்குரிய குற்றம்.

"எதுவா இருந்தா என்ன, நல்லபடியாப் பிறந்தாப் போதும்" என்றாள் எப்சிபா. வெளியே வந்ததும் தங்கதுரை தள்ளுவண்டியில் அவளுக்கு மாங்காய் வாங்கிக் கொடுத்தான்.