வேறொரு டானியல்

செசிலியா தன் அம்மப்பாவைத் தேடத் தொடங்கியது தம்பிக்காகத்தான். அவளுக்கு டெனிஷ் கடவுச்சீட்டு கிடைத்துப் பல காலம். டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் வைத்தியசாலைத் துணிகளை வெளுக்கும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருட வேலை, சொந்த வீடு, படித்து முடித்த மகள். திருகோணமலையில் இருந்த தம்பி ஜெயகாந்தனுக்குத்தான் எதுவும் சரிவரவில்லை. ஒருநாள் அவன் அழைத்தான்.

"அக்கா, அம்மாவின்ர அப்பா அயர்லாந்துக்காரர்தானே? அங்கை பிறந்தவையின்ர பேரப்பிள்ளையளுக்குப் பாஸ்போட் குடுக்கிறாங்களாம். அவரின்ர பிறந்த பதிவைத் தேடி எடுங்கோ. நீங்கள்தானே கிட்ட இருக்கிறியள்."

வீட்டில் சொல்லப்பட்ட கதை சின்னது. பெயர் டானியல் றோச். ஊர் வெக்ஸ்ஃபோர்ட். இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு இயந்திரம் திருத்த வந்தவர், அம்மம்மா யூலியானாவைக் கட்டினார். மகள் அருமைநாயகி கைக்குழந்தையாக இருக்கும்போது கப்பலேறினார். கப்பல் மூழ்கிவிட்டது.

நகர நூலகத்தில் புதன்கிழமைகளில் ஓய்வூதியக்காரர்கள் கூடித் தங்கள் முன்னோரைக் கணினியில் தேடுவார்கள். செசிலியா வேலை முடிந்து அங்கே போய் அமர்ந்தாள். முதல் வாரம் ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் வாரம் வெக்ஸ்ஃபோர்ட் கோவிலொன்றின் ஞானஸ்நானப் புத்தகம் திரையில் விரிந்தது. இலத்தீனில் எழுதியிருந்தார்கள். 1908, 'டானியலெம்'. அவள் வாய்விட்டுக் கத்தியதில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. 1911 குடிசனக் கணக்கில் டானியலுக்கு மூன்று வயது. தகப்பன் மீன்பிடிப் படகுக்காரன். வீட்டின் முன்பக்கத்தில் எத்தனை யன்னல் என்றுகூட அதிகாரி எண்ணி எழுதியிருந்தான். மூன்று. மூத்த அண்ணன்மார் இருவரையும் அமெரிக்காவின் பொஸ்ரனுக்குப் போன கப்பலின் பயணிகள் பட்டியலில் கண்டுபிடித்தாள். இதையெல்லாம் தம்பிக்கு அழைத்துச் சொன்னாள். தொழிற்சாலையில் இடைவேளையில் சொன்னபோது, பதினைந்து வருடமாக ஒரு வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும் டெனிஷ்காரிகள் கதிரையை இழுத்துப்போட்டு அருகில் இருந்தார்கள். "அப்ப நீ எங்கட ஆள்தான்" என்று ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு செசிலியாவுக்குப் பிடித்திருந்தது.

பிறகு மற்றப் பதிவுகள் வந்தன. 1933, டானியல் றோச், விவாகம், மணமகள் அதே ஊர். 1973, டானியல் றோச், மரணம், அதே ஊர். கப்பல் மூழ்கவில்லை. அவர் வீடு திரும்பி, மனைவியோடும் பிள்ளைகளோடும் இன்னும் இருபத்தெட்டு வருடம் வாழ்ந்திருக்கிறார். மொய்ரா என்றொரு பேத்தி குடும்ப மரத்தை இணையத்தில் ஏற்றி, கிழவரின் படமும் போட்டிருந்தாள். அந்த முகத்தின் நாடி அம்மாவின் நாடி.

செசிலியா அவளுக்கு எழுதினாள். இரண்டு நாளில் மரியாதையான பதில் வந்தது. தாத்தா போர்க்காலத்தில் கிழக்கே இருந்தது உண்மை. ஆனால் இப்படியொரு செய்தியைத் தன் அம்மாவிடம் சொல்லுவதற்கு முன் தனக்கு ஆதாரம் வேண்டும். உங்கள் அம்மாவின் பிறப்புப் பத்திரத்தை அனுப்ப முடியுமா?

அருமைநாயகிக்கு எண்பத்தொரு வயது. மகன் வீட்டில் இருந்தாள். பத்திரம் சூறாவளியில் போய்விட்டது என்றாள். பிறகு, கோவிலில் இருக்கிறது என்றாள். ஜெயகாந்தன் பொறுக்காமல் பதிவாளர் அலுவலகத்துக்கே போய்ப் பிரதி எடுத்து, செசிலியாவுக்குப் படம் அனுப்பினான்.

தந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது. பெற்றோர் விவாகமானவர்களா என்ற இடத்தில், இல்லை.

அன்றைக்கு அம்மாவே தொலைபேசியை வாங்கினாள்.

"எனக்குப் பத்து வயசிலையே தெரியும். கொன்வென்றிலை சேர்க்கேக்கை சிஸ்டர் அந்தக் கோட்டைக் காட்டித்தான் அம்மாவை ஏசினவ. கப்பல் மூழ்கின கதையை அம்மா அதுக்குப் பிறகுதான் சொல்லத் தொடங்கினவ. நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்கேல்லை. நீ ஏன் கேட்டனி?"

"தம்பிக்காகத்தான் அம்மா..."

"பொய் சொல்லாதை. வெள்ளைக்காரன் எண்டபடியாத்தான் தேடினனி. பக்கத்து மூதூரிலையிருந்து வந்த ஒருத்தன் என்ர அம்மாவை இப்பிடி விட்டிட்டுப் போயிருந்தா, அவன்ர வீட்டு யன்னலை எண்ணிக்கொண்டு இருப்பியோ?"

அம்மா நிறுத்தவில்லை.

"இப்ப இவன் மனிசிக்குச் சொல்லி, அவள் தாய்வீட்டுக்குச் சொல்லி, ஒழுங்கை முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. எண்பது வருசம் மூடி வைச்சது. அந்தப் பேரை இனி எடுக்காதை, பிள்ளை."

ஜெயகாந்தன் அடங்கவில்லை. தந்தை பெயர் எழுதிய பத்திரமொன்று செய்து தர ஒரு முகவர் இருக்கிறான் என்றான். செசிலியா மறுத்தாள்.

"பாஸ்போட் கையிலை இருக்கிறவைக்கு நேர்மை கதைக்கிறது சுகம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் மொய்ரா மறுபடி எழுதியிருந்தாள். பத்திரம் கிடைத்ததா? மரபணுச் சோதனை என்றாலும் தனக்குச் சம்மதம்தான். உண்மை எதுவோ அது தெரியட்டும்.

அம்மாவிடம் சோதனைக்கு எச்சில் கேட்பது எப்படி? செசிலியா நூலகத்தில் அந்தக் கடிதத்தை மறுபடி திறந்தாள். பிறகு எழுதினாள்: மன்னிக்கவும், விசாரித்துப் பார்த்தோம். எங்களுடையவர் வேறொரு டானியல். அவர் கடலில் இறந்தவர்.

அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. பரவாயில்லை, இப்படித் தவறுவது வழக்கம்தான், உங்கள் தேடல் வெற்றிபெறட்டும். கடைசியில் ஒரு சிரித்த முகம். அந்தப் பெண்ணின் நிம்மதி ஒவ்வொரு சொல்லிலும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை செசிலியா வீட்டுக்கு அழைத்தாள். தம்பியின் மனைவி எடுத்தாள்.

"மாமி படுத்திருக்கிறா, மச்சாள்."

பின்னால், கறிக்கு உப்புப் போதாது என்று அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.