தண்ணி வருதா?

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களாவில், ஓர் அலமாரிக்குள் ஜூட்சன் பொருத்திய ஸ்பீக்கர், வயரை இணைப்பதற்கு முன்பே, "தண்ணி வருதா?" என்று கேட்டது. அது மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. பங்களாவைக் குத்தகைக்கு எடுத்த லோஜன், சுற்றுலா வருகிறவர்களுக்காக அதைப் பேய் வீடாக மாற்றிக்கொண்டிருந்தார். அலமாரிக் கதவைத் திறந்தால் துணியால் செய்த ஒரு பிணம் வெளியே சாய வேண்டும், அதே நொடியில் ஒரு பெண் அலற வேண்டும். கோயில் தேருக்கும் மாதா திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிற ஜூட்சன், அந்த அலறலைத் தன் தங்கையை வைத்துப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தார். பிணம் ஒழுங்காகச் சாய்ந்தது. வயரை இணைத்த பிறகும் அலறல்தான் வரவில்லை. ஓர் ஆண் குரல், தொண்டையைச் செருமிவிட்டு, தண்ணீரைப் பற்றி விசாரித்தது.

ஜூட்சன், பக்கத்து அறையில் சுவருக்குக் கரி பூசிக்கொண்டிருந்த ஆட்களைச் சந்தேகித்து அவர்களுடைய போன்களை வாங்கிப் பார்த்தார். லோஜன் ஜூட்சனைச் சந்தேகித்தார். தன் தொழிலைக் கெடுக்க ஹட்டன் பக்கத்திலிருந்து எவரோ அனுப்பிய ஆள் என்று நினைத்து, ஜூட்சன் தேநீர் குடிக்கப் போகும்போதெல்லாம் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் மட்டுமே இருந்தன. ஜூட்சன் தன் வீட்டுக்குக் கொண்டுபோனால் அது ஊமையாகக் கிடந்தது. வேறொன்றை அலமாரியில் வைத்தால் அதுவும் அதே குரலில் கேட்டது.

வியாழக்கிழமை, தரை துடைக்க வந்த ஜீவராணி அந்தக் குரலைக் கேட்டதும் வாளியைக் கீழே வைத்தாள். தோட்டத்துக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் நல்லமுத்து, நான்கு வருடங்களுக்கு முன், ஓர் அடைமழைக் காலையில் அவளோடு சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போனவர், திரும்பவில்லை. கொழும்பில், புறக்கோட்டையில் வேறொருத்தியோடு பார்த்ததாக ஒருவர் சத்தியம் செய்தார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் முழுவதும் அதை நம்பியது. கடைசியில் அவளும் நம்பி, அவருடைய சட்டைகளைக் கிழித்துத் தரை துடைக்க வைத்துக்கொண்டாள்.

"இது எங்க வீட்டு ஆளு குரலு. அவரு எங்க இருக்காருன்னு ஒங்களுக்குத் தெரியும்," என்றாள் ஜூட்சனிடம். "போன்ல பேச வச்சி கொண்டாந்திருக்கீங்க. மறைக்காம சொல்லுங்கண்ணே."

"சத்தியமா எனக்கு அவரத் தெரியாது தங்கச்சி. வயரப் பாருங்க, என் கையிலதான் இருக்கு."

அவள் நம்பவில்லை. அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள், துணிப் பிணத்தையும் உதறிப் பார்த்தாள். ஸ்பீக்கர் மறுபடியும் தண்ணி வருதா என்றது. நான்கு வருடக் கோபத்தோடு, "வரல," என்றாள்.

"அப்ப டேங்குக்கு மேலதான் அடச்சிருக்கு. பாத்துட்டு வந்துர்றேன். சோத்த மூடி வையி, ஜீவா."

அன்று பிற்பகலே ஜூட்சனும் லயத்து ஆண்கள் நான்கு பேரும், பங்களாவின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, அவர் காணாமல்போன வருட மழையில் சரிந்து இப்போது புல் மண்டிக் கிடந்த மேட்டை வெட்டினார்கள். ஆறடி ஆழத்தில் நல்லமுத்து இருந்தார். குழாய் முடுக்கும் சாவி எலும்புக் கையிலேயே இருந்தது. பொலிஸார் வந்து அவளுடைய வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். ஜீவராணி அதைத் தமிழில் வாசிக்கக் கேட்ட பிறகுதான் கையெழுத்து வைத்தாள். அடக்கத்துக்கு, புறக்கோட்டையில் பார்த்தவரும் வந்து ஓரமாக நின்றார். "நீங்க வீட்டுக்குப் போங்க மாமா," என்று மட்டும் அவள் சொன்னாள்.

சித்திரைச் சீசனுக்குப் பேய் வீடு திறந்தது. அலறல் இப்போது பிசகாமல் வந்தது. ஆட்கள் இல்லாத வேளைகளில் நல்லமுத்து பேசினார், ஜீவராணி தரையைத் துடைத்தபடியே பதில் சொன்னாள். ஆடி மழையில் ஒரு நண்பகல், "மண்ணு எளகுது ஜீவா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு கோயிலுக்கு எறங்கு," என்றார். லோஜன்தான் முதலில் ஓடிப்போய் லயத்துக் கதவுகளைத் தட்டினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு மலை இறங்கி லயத்தின் பாதியை மூடியபோது, உள்ளே ஒரு கோழி மட்டும் இருந்தது. மறுநாள் வந்த கிராம சேவகர், முன்கூட்டியே எச்சரித்தது யார் என்று விசாரித்தார். நல்லமுத்து என்றார்கள். ஐந்து மாதங்களுக்கு முன் அவருடைய மரணப் பத்திரங்களை உறுதிப்படுத்திக் கையெழுத்திட்டவர் அந்தக் கிராம சேவகர்தான். பெயரை எழுதிக்கொண்டு, அவர் இருப்பது எந்த லயம் என்று கேட்டார்.