தூக்க இரண்டு ஆள்

அந்த ஆஸ்பத்திரியில் அவனை எல்லோரும் ஜாக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். லாரிக்கு முட்டுக்கொடுக்கிற ஜாக்கி மாதிரி, எவ்வளவு கனத்த நோயாளியையும் கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு ஒற்றை ஆளாய் மாற்றிவிடுவான். மாற்றி மாற்றியே முதுகில் டிஸ்க் பிதுங்கியது. அதே ஆஸ்பத்திரியில், பெரிய டாக்டர் கையாலேயே ஆபரேஷன். தையல் காய்ந்ததும் அதே வேலை, அதே தள்ளுவண்டி.

"தூக்கக் கூட ஒரு ஆள் குடுங்க" என்று நடையாய் நடந்தான்.

"நீதான் நல்லாயிட்டியே, ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களைப் பத்தின டாக்டரோட ஆராய்ச்சியே சொல்லுதே" என்று கையை விரித்தார் மேனேஜர்.

அந்த ஆராய்ச்சியின் லட்சணம் அவனுக்குத் தெரியும். பரிசோதனைக்குப் போனால் முதலில் இடுப்பில் வலிக்கு ஊசி. கொஞ்ச நேரம் படுக்கப் போடுவார்கள். அப்புறம் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்து தேனாய்க் கேட்பாள்: "இப்ப வலி எப்படி இருக்கு?" மரத்துக் கிடக்கிறவன் என்ன சொல்வான்? இல்லை என்பான். அதைக் குறித்துக்கொண்டு போய்விடுவாள். அந்த 'இல்லை' அவன் வாயிலிருந்தே வந்ததுதான்.

இன்று ஊழியர் நலக் கூட்டம். குணமானவன் என்று அவனை மேடையில் நிறுத்திக் காட்டப்போகிறார்கள். கூட்டத்துக்கு நாற்காலி சுமந்து போட்டதும் அவன்தான்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவன் மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு ஊசி போட்டுக்காதய்யா. எப்படி இருக்கியோ அப்படியே போய் நில்லு."

"வேலையை விட்டு நிறுத்திட்டா?"

"இப்படியே போனா, கட்டில்லருந்து உன்னை நான்தான் தூக்கணும். என் முதுகு மட்டும் என்ன இரும்பா?"

ஊசியோடு வந்த நர்சம்மாவிடம் வேண்டாம் என்று தலையாட்டினான். "என்னமோ பண்ணு, நான் எதையும் பாக்கலை" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மண்டபமெங்கும் சென்ட் வாடை. முன்வரிசையில் பிஸ்கட் மென்றுகொண்டிருந்தார்கள். பெரிய டாக்டர் அவன் முதுகில் தட்டினார். மாடு விற்கிறவன் தட்டுகிற தட்டு.

"ஊழியர் நலத்துக்கு இவரே சாட்சி. எங்க, குனிஞ்சு தரையைத் தொடுங்க பாக்கலாம்!"

குனிந்தான். கை முழங்காலைத் தாண்டவில்லை. இடுப்பிலிருந்து குதிகால்வரை நெருப்பு இறங்கியது. நிமிரவும் வரவில்லை.

"மேடைக் கூச்சம்" என்றார் டாக்டர். சிரிப்பு. சிலர் கையும் தட்டினார்கள்.

"கூச்சமில்ல சார், வலி. இன்னிக்கு ஊசி போட்டுக்கலை" என்றான் தரையைப் பார்த்தபடியே.

மைக்கில் அது கேட்டுவிட்டது. அவன் கண்ணெதிரே டாக்டரின் ஷூ ஓரடி பின்னால் நகர்ந்தது. "இந்தாளைக் கணக்குல சேக்காதே" என்று பக்கத்தில் நின்ற ஆராய்ச்சிக்காரப் பெண்ணிடம் பல்லைக் கடித்தார். பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினார்: "யாராவது ரெண்டு பேர் வாங்கப்பா! ஒத்தை ஆளா தூக்காதீங்க, முதுகு போயிடும்!"

ஜாக்கிக்குச் சிரிப்பு வந்தது.

"இதைத்தானே சார் நானும் கேட்டேன்."

இரண்டு பேர் வந்து அவனுடைய தள்ளுவண்டியிலேயே அவனை ஏற்றினார்கள். வாசலில் நின்றிருந்த மனைவி அழுக்குத்துணி மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டாள். நர்சம்மா ஊசியோடு ஓடிவந்தாள்.

"போடுங்கம்மா" என்றான் ஜாக்கி. "ஆனா அந்தப் பொண்ணை முதல்ல கூப்பிடுங்க. வலி எப்படி இருக்குன்னு இப்பக் கேக்கட்டும்."