லைன்

இசக்கிப்பாண்டி விருதுநகர் கிட்டங்கியில் மிளகாய் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆபீஸ் வெடித்துவிட்டதாம். அவன் பெண்சாதி முத்துப்பேச்சி அங்கேதான் வேலை பார்க்கிறாள். பெட்டிக்கடை ஒரு ரூபாய் போனில் ஆபீஸ் நம்பரை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். "எல்லாரும் அந்த நம்பரத்தான் அமுக்குறாக. லைன் எப்படிக் கிடைக்கும்? பஸ்ஸப் பிடிங்க" என்றார் கடைக்காரர்.

பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் கம்பியைப் பிடித்தபடி நின்றான். லைன் என்ற அந்த ஒற்றைச் சொல் மண்டைக்குள் குடைந்தது. ராப்பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகியபோது, லைனை விட்டு எழுத்து இறங்கக்கூடாது என்பார் வாத்தியார். அதற்கெல்லாம் முந்தியே, முத்துப்பேச்சிக்குப் பின்னால் சைக்கிளை உருட்டிப் போன நாளில், லைன் போடுதான் பாருடி என்று அவள் கூட்டாளிகள் சிரித்ததும் அவன் காதில் விழுந்திருக்கிறது. கல்யாணம் முடிந்து பட்டாசுக் கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீட்டுக்குக் குடிவந்த அன்று அவள் கேட்டாள்: "நீங்க லைன் போட்டது இந்த லைன் வீட்டுக்குத்தானா?"

ஆபீஸ் கேட்டுக்குள் வெடிமருந்து நாற்றம். தப்பித்தவர்களைக் கணக்கெடுக்க, "லைன்ல நில்லுங்கம்மா" என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார் போர்மேன் கண்ணுச்சாமி. பெண்கள் முகமெல்லாம் வெள்ளிப்பொடி அப்பி, கண் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் போனான். எல்லாம் அவளைப் போலவே இருந்தது. ஒன்றும் அவள் இல்லை.

மருந்து அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. காலையில் கழற்றிய செருப்புகள் வேப்பமரத்தடியில் வரிசையாகக் கிடந்தன. நேற்று அவன் அறுந்த வாருக்கு ஊக்குக் குத்திக் கொடுத்த முத்துப்பேச்சியின் செருப்பும் அதில் இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

லைனில் நின்ற ஒருத்தி சொன்னாள்: "செருப்பப் பாத்து முடிவு கட்டாதீக அண்ணே. நாங்க எல்லாருமே வெறுங்காலோடதான் ஓடுனோம். பாதிப் பேரு கம்மாப் பக்கம் ஓடிட்டாக."

பெயர் கொடுத்த பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து தங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். வரிசை குறைந்துகொண்டே வந்தது. அவன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். வெயில் சாயும் நேரம், கம்மாயிலிருந்து வரும் கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் சில பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வருவது தெரிந்தது. முகம் தெரியாத தூரம். அவன் குனிந்து, ஊக்குக் குத்திய செருப்பை அந்தப் பாதைக்கு நேராக, கால் நுழைக்கத் தோதாகத் திருப்பி வைத்தான்.