உங்கம்மாகிட்ட சொல்லு

"உங்கம்மாகிட்ட சொல்லு, ஜன்னலைச் சாத்தச் சொல்லி."

உங்கம்மா கட்டிலின் கால்மாட்டில்தான் நின்று அப்பாவின் போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். மகள் கடமைக்குத் திரும்பி, "அம்மா, ஜன்னலைச் சாத்தணுமாம்" என்றாள். அம்மா சாத்தினாள். "வேற ஏதாவது வேணுமான்னு கேளு." மகள் கேட்டாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொழுவத்தில் கோமாரி புகுந்த நாளிலிருந்து இந்தக் கூத்துதான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அறையில், நடுவில் ஒரு தபால்காரி. ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியே கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட மனிதருக்கு வீம்பு மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

தொழுவத்துக்கு நோயைக் கொண்டுவந்ததே, படுக்கையில் விழுவதற்கு முன் அவர் ஆசைப்பட்டுச் சந்தையில் வாங்கிய செவலைப் பசுதான். வந்த சில நாளில் அதன் வாயில் எச்சில் நூல் நூலாக ஒழுகியது. நாக்கில் கொப்புளம், குளம்பிடுக்கில் புண். "வெளியே மூச்சு விடாதே. தெரிஞ்சா பால் வண்டி நம்ம வாசலுக்கு வராது" என்றார் அப்பா. அம்மா தலையாட்டிவிட்டு, கொல்லைப்புறம் போய் மாட்டு டாக்டருக்கு போன் போட்டாள். எதிர்வீட்டுக்காரியின் பிழைப்பே இரண்டு பசுக்களை நம்பித்தான். அவையும் அதே குட்டையில்தான் தண்ணீர் குடிக்கின்றன. இது அம்மாவின் நியாயம். வாசல் கேட்டைப் பூட்டினார்கள், பால் வண்டி நின்றது, அப்பாவின் பேச்சும் நின்றது.

மாடுகள் கிடக்கட்டும் என்றிருந்தது மகளுக்கு. இந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டால் அம்மா மிச்சக் காலத்தை எப்படித் தள்ளுவாள்? அதுதான் அவளை அரித்தது. அம்மாவைக் கேட்டால், "பேசாட்டிப் போகட்டும், எனக்கென்ன வேலையா இல்லை" என்பாள். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்துவாள்.

காலையில் மாட்டு டாக்டர் வந்தார். தொழுவத்தைச் சுற்றிப் பார்த்து, பூட்ஸை மருந்துத் தண்ணீரில் கழுவிவிட்டு, நேராக அறைக்கே வந்துவிட்டார்.

"பெரியவரே, புதுசா ஒண்ணுக்கும் வரலை. வந்ததெல்லாம் புண் ஆறித் தீவனம் எடுக்குது. உங்க செவலை என்னையே முட்ட வருது. அக்கம்பக்கத்துல ஒரு மாட்டுக்கும் பரவலை. இனி கேட்டைத் திறந்துக்கலாம். அம்மா அன்னைக்கே சொன்னாங்க, பிழைச்சோம்."

அப்பா கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் போன பிறகும் திறக்கவில்லை. மகளுக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிலையே கவிழ்த்துவிடலாம் போலிருந்தது.

டாக்டரை வழியனுப்பிவிட்டு, தொழுவத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு அம்மா உள்ளே வந்தாள்.

"உங்கம்மாகிட்ட..." என்று ஆரம்பித்த அப்பா நிறுத்தினார். மூச்சு வாங்கியது. பிறகு அம்மாவைப் பார்த்து, "கையை நல்லாக் கழுவினியா?" என்றார்.

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் வாயைத் திறக்கவில்லை.

"கழுவினேங்க."

"காட்டு."

காட்டினாள். மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் உரிந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. அப்பா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் எண்ணெய் தடவக் கூடாதா" என்று முனகினார்.

"எங்க நேரம் இருக்கு."

"செவலை நல்லாத் தின்னுதா?"

"தின்னுது. உங்களை மாதிரிதான், திமிருக்குக் குறைச்சல் இல்லை."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. கையை விடவில்லை. மத்தியானம் அந்தப் பிடி தானாகத் தளர்ந்தது. மகள் அழுதாள். அழுகையோடு அழுகையாக ஒரு நிம்மதியும் வந்தது. அதை அவள் தடுக்கவில்லை.

திறந்து கிடந்த கேட் வழியாக எதிர்வீட்டுக்காரிதான் முதலில் ஓடிவந்தாள். "அக்கா எங்கேம்மா?"

மகள் அறைக் கதவு வரை கூட்டிப்போனாள். அம்மா முக்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் சேர்த்துவைத்ததை எல்லாம் அவரிடம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன ஊர் சிரிக்கவா சொன்னேன்? சொல்லாம விட்டிருந்தா அவ மாடு ரெண்டும் என்ன ஆயிருக்கும்? நீங்களே சொல்லுங்க."

நிறுத்தினாள். அவர் பதில் சொல்லும் அளவுக்கு நேரம் கொடுத்தாள். பிறகு தலையை ஆட்டி, "அதெல்லாம் இல்லை, நீங்க சும்மா இருங்க" என்று மறுபடி ஆரம்பித்தாள்.

மகள் கதவை ஓசைப்படாமல் சாத்தினாள். எதிர்வீட்டுக்காரிக்கு முன்னறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கொஞ்சம் உட்காருங்க சித்தி. அப்பாவும் அம்மாவும் பேசிட்டிருக்காங்க."