சேனல்காரர்

காரின் கதவு முழுசாகத் திறப்பதற்குள் நாத்தனாரின் கேள்வி இறங்கிவிட்டது.

"கேமராக்காரங்க எல்லாம் வந்தாச்சா?"

டீச்சர் கை கொடுத்து அவரை இறக்கிக்கொண்டிருந்தாள். கணவர் போய் ஒரு நாள்தான் ஆகிறது. எப்படி ஆச்சு, என்ன ஆச்சு என்று யார் கேட்டாலும் பதில் சொல்ல மனதைத் தயார் செய்து வைத்திருந்தாள். இந்தக் கேள்வி மட்டும் அந்தத் தயாரிப்பில் இல்லை. நாத்தனார் வழியெல்லாம் அழுதிருக்கிறார் என்பது வீங்கிய இமைகளில் தெரிந்தது. அந்த வீக்கத்தின் மேலேயே கவனமாகப் பவுடரும் பூசியிருந்தார். பின்னாலேயே இறங்கிய, நாத்தனாரின் பக்கத்து வீட்டம்மா இன்னும் ஒரு படி மேலே போய் உதட்டுக்கும் ஏதோ தடவியிருந்தார். தம்பி போன துக்கம் துக்கம்தான். அதற்காகப் படத்தில் முகம் கறுத்துத் தெரிய வேண்டுமா?

"செய்தி வாசிக்குமே, சுருட்டைமுடிப் பொண்ணு, அது வருமா?" என்று பக்கத்து வீட்டம்மா டீச்சரின் காதோடு கேட்டார். "எங்க வீட்டுக்காரருக்கு அதைப் பார்க்கணும்னு ரொம்ப ஆசை. கால்வலின்னு வரலை."

"உள்ள வாங்க," என்றாள் டீச்சர். வேறு என்ன சொல்வது?

குற்றம் யாருடையதும் இல்லை. 'சேனல்' என்ற ஒரு வார்த்தையுடையது. அயனி சேனல் என்பது உயிரணுவின் சுவரில் இருக்கும் ஒரு நுண்ணிய வாசல். அது திறந்தால் உப்பு உள்ளே போகும், மூடினால் நிற்கும். டீச்சரின் கணவர் தன் வாழ்நாளை எழுதிக்கொடுத்த வாசல் சிறுநீரகத்தில் இருந்தது. ஆய்வகத்தில் வேலை கிடைத்த அன்று அக்காவுக்குத்தான் முதல் போன். "சேனல்ல ஆராய்ச்சிக்கா" என்றார். 'ஆராய்ச்சி' அக்கா காதில் விழவில்லை, 'சேனல்' விழுந்தது. சாயங்காலத்துக்குள் அக்காவின் தெரு முழுக்கத் தம்பி டிவிக்காரனாகிவிட்டான்.

அன்றைக்கே 'இல்லக்கா' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மென்று முழுங்கினார். அடுத்த வாரம் சொல்வதற்குள் அக்கா உறவு முழுக்க அளந்துவிட்டிருந்தார். எப்போது வருவாய், எந்த நிகழ்ச்சியில் வருவாய் என்று அக்கா போனில் கேட்கும்போதெல்லாம் "நான் திரைக்குப் பின்னாடிக்கா" என்று நழுவுவார். அக்காவும் விடவில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் ஓடுகிற பெயர்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுவார். "ரொம்ப வேகமா ஓட்டுறாங்கடா, கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லு" என்று தம்பியிடமே சிபாரிசுக்கும் வந்தார்.

இத்தனைக்கும் மனிதர் கூச்சப்படுகிற ஆளே இல்லை. மற்றவர்கள் மழை வருமா என்று பேசுகிற மாதிரி, சாப்பிடும்போது மூத்திரத்தைப் பற்றிப் பேசுவார். வேலையில் தவளை முட்டைக்குள் அந்த வாசலைப் பொருத்தி, அதில் ஓடும் மின்சாரத்தை அளப்பார்கள். ஒரு தடவை அந்த முட்டை டப்பா வீட்டு ஃபிரிட்ஜுக்கே வந்துவிட்டது. டீச்சர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. டப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் அவர் கவலைப்பட்டார்.

ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். "இதயம் ரொம்பத் தளர்ந்துடுச்சு. ஆனா கிட்னி ரெண்டும் சின்னப் பையனுக்கு இருக்கற மாதிரி இருக்கு" என்று டாக்டர் சொன்னதும், முதல் பாதியை அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. "பார்த்தியா டீச்சர்!" என்று சிரித்தார். கல்யாணமான புதிதிலிருந்து அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் கணக்கு டீச்சர்.

பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காகிட்ட நீ சொல்லிடறியா?" என்றார்.

"என்னன்னு?"

"நான் டிவியில இல்லைன்னு."

"குணமாகி வந்து நீங்களே சொல்லுங்க."

"யார்கிட்ட வேணா சொல்லுவேன். அக்காகிட்ட மட்டும் அந்த வார்த்தை வாயில வராது."

"எந்த வார்த்தை?"

"மூத்திரம்," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த வயதில் என்ன வெட்கம் என்று டீச்சர் திட்டினாள். அதற்கப்புறம் அவர் சரியாகப் பேசவே இல்லை. ஆயிரம் பேச வேண்டியிருக்க, போகிற போக்கில் இப்படி ஒரு வீட்டுப்பாடத்தைக் கொடுத்துவிட்டுப் போனாரே என்று அழுகைக்கு முன்னால் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

இப்போது அஞ்சலிக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்துகொண்டிருந்தன. முன்னால் பெட்டிக்குள் அவர், கழுத்துவரை வெள்ளைத் துணியோடு, யாரோ சொல்வதைக் கேட்காத மாதிரி படுத்திருந்தார். நாத்தனார் பெட்டியைப் பார்த்ததும் ஒரு மூச்சு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தை நோட்டம் விட்டார்.

"அண்ணி, அவர் வேலையைப் பத்தி ஒரு விஷயம்..." என்று டீச்சர் ஆரம்பித்தாள்.

"வேலை வேலைன்னே உயிரை விட்டான், எனக்குத் தெரியாதா? அதோ கோட்டு போட்டவர்தான் முதலாளியா? எங்கயோ பார்த்த முகமா இருக்கே."

கோட்டு போட்டவர் ஆய்வகத்தின் தலைவர். டீச்சர் தடுப்பதற்குள் நாத்தனார் போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நான் அவன் அக்கா. ஒரு தடவையாவது அவனை முன்னாடி காட்டியிருக்கக் கூடாதா நீங்க?"

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்க எவ்வளவோ சொன்னோம்மா. அவருக்குப் பின்னாடி இருக்கத்தான் பிடிக்கும். ஆனா ஒண்ணு சொல்றேன். அவர் இல்லைன்னா எங்க சேனல் திறந்தே இருக்காது."

நாத்தனார் திரும்பிப் பக்கத்து வீட்டம்மாவை ஒரு பார்வை பார்த்தார். கேட்டுக்கிட்டியா என்று அர்த்தம்.

தலைவர் டீச்சரிடம் குனிந்தார். "நான் கொஞ்சம் பேசணும். படம் போட்டுக் காட்ட இங்க திரை இருக்குமா?"

திரை இருந்தது. கூடத்து ஆள் ஒருவர் அதை மேலிருந்து இழுத்து இறக்கியபோது பக்கத்து வீட்டம்மா, "திரை போடறாங்க, திரை போடறாங்க!" என்று நாத்தனாரின் தொடையைத் தட்டினார். தலைவரை டீச்சருக்குத் தெரியும். வாயைத் திறந்தால் இரண்டாவது வாக்கியத்தில் சிறுநீர் வந்துவிடும். தானே அழைத்து வந்த பக்கத்து வீட்டம்மாவுக்கு முன்னால், தம்பியின் பெட்டிக்கு முன்னால், நாத்தனாரின் மூக்கு உடைபடும். இதைத் தன்னை நம்பி விட்டுப்போனவர் அங்கே கண்ணை மூடிக் கிடக்கிறார்.

கடைசியில் அவளுக்கு வழிவிட்டது நாத்தனாரின் சிறுநீரகம்தான்.

"பாத்ரூம் எங்கம்மா? வழியெல்லாம் அடக்கிட்டு வந்தேன்."

கூட்டிக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது. பெரிய கூடத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. இனி நேரமில்லை.

"அண்ணி, உள்ள இருந்தே கேளுங்க."

"இங்கயுமாம்மா?"

"அவர் டிவி சேனல்ல வேலை பார்க்கலை."

"பின்ன? ரேடியோவா?"

"இல்ல. கிட்னியில."

டீச்சர் கதவுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தாள். "கிட்னியில ஒரு சேனல் இருக்கு, அண்ணி. சின்ன வாசல் மாதிரி. அது திறந்தா உப்பு திரும்ப ரத்தத்துக்குப் போயிடும், உப்பு பின்னாலயே தண்ணியும் போயிடும். திறக்கலைன்னா எல்லாம் வெளிய வந்துடும். அது எப்ப திறக்குது, எப்ப மூடுதுன்னு பார்க்கறதுதான் அவர் வேலை. அந்த சேனலைத்தான் அவர் உங்ககிட்ட சொன்னார்."

"வெளியன்னா?"

"மூத்திரமா, அண்ணி."

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது.

மயங்கிவிட்டாரோ என்று டீச்சர் கதவைத் தட்டக் கை தூக்கியபோது தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது, பிறகு குழாயில் முகம் கழுவும் சத்தம். கதவு திறந்தது. பவுடர் எல்லாம் போய் நாத்தனார் திடீரென்று வயதானவராக நின்றார்.

"ராத்திரியில?" என்று கேட்டார். "ராத்திரியிலயும் அந்த வாசல் வேலை செய்யுமா?"

"செய்யணும். அது ஒழுங்கா உள்ள இழுத்துக்கிட்டாத்தான் ராத்திரியில அதிகம் சேராது. இல்லைன்னா அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும்."

"எழுந்து போனா பரவாயில்லையே." நாத்தனார் சுவரில் சாய்ந்துகொண்டார். "பெரிய பள்ளிக்கூடம் போற வரைக்கும் படுக்கையிலயே போயிடுவான். உன்கிட்ட சொல்லலையா?"

"இல்லையே."

"எப்படிச் சொல்வான்? அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருப்பார். அவர் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி நான்தான் துணியை மாத்தி அலசிப் போடுவேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினான். இன்னிக்குத்தான் வாயைத் திறக்கறேன். 'எனக்கு மட்டும் ஏன்க்கா நிக்க மாட்டேங்குது'ன்னு கேட்பான். எனக்கென்ன தெரியும்? பேசாம தூங்குடான்னுடுவேன்." மூக்கை உறிஞ்சினார். "அதான் அங்கயே போய் உக்காந்துட்டானா?"

அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு, அதனால்தான் இந்த ஆராய்ச்சிக்கு வந்தேன் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தார். எல்லாரிடமும் அதையேதான் சொன்னார். அவரைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று இருந்தவளுக்கு, அந்த நிமிஷம் நாத்தனார் மேல் பொறாமையாக இருந்தது. கணவர் மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கோபமும் வந்தது.

"கண்டுபிடிச்சானா?" என்று நாத்தனார் கேட்டார்.

"கொஞ்சம் கண்டுபிடிச்சார், அண்ணி. மிச்சத்துக்கு அங்க ஆள் இருக்காங்க."

அவர்கள் வந்து உட்கார்ந்தபோது திரையில் சிறுநீரகம் ஒன்று, ஆள் உயரத்துக்குச் சிவப்பாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டம்மா தலையைச் சாய்த்து அதைப் பார்த்தார்.

"பெரிய மொச்சைக்கொட்டையா இருக்கே. சமையல் நிகழ்ச்சியா அக்கா?"

அதற்குள் தலைவர் இரண்டாவது வாக்கியத்துக்கு வந்துவிட்டார். சிறுநீர் என்று மைக்கில் தெளிவாகக் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது.

"என்னக்கா இது? டிவி சேனல்னீங்க?" பக்கத்து வீட்டம்மாவின் குரல் மைக் இல்லாமலேயே கூடம் முழுக்கக் கேட்டது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சேனல்தான்!" நாத்தனார் எழுந்தே நின்றுவிட்டார். "உன் வயித்துலயும் ஓடுது, என் வயித்துலயும் ஓடுது. ராத்திரி நிம்மதியா தூங்கறியே, அதை யாரு பார்த்துக்கறதுன்னு நினைச்சே? என் தம்பிக்குத் தெரியும் அது. வாயை மூடிக்கிட்டு கேளு!"

பின்வரிசையில் ஆய்வகத்துப் பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையைத் தேடினார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இதைவிடச் சுருக்கமா என்னால சொல்ல முடியாது" என்றார். சொல்லிவிட்டு, இன்னும் வெகுநேரம் பேசினார். நாத்தனார் ஒரு படத்தையும் விடாமல், புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டிக்கொண்டே பார்த்தார்.

எல்லாரும் கடைசியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். பெட்டியை மூட வந்த ஆள் மூடியைப் பிடித்தபடி காத்து நின்றார். டீச்சர் தலைமாட்டில் நின்றாள். சொல்லிட்டேன் என்று மட்டும் மனதுக்குள் சொன்னாள்.

நாத்தனார் பெட்டியின் பக்கவாட்டில் வந்து நின்றார். கூடத்தைச் சுற்றி ஒரு தரம், யாரும் பார்க்கிறார்களா என்பது போலப் பார்த்தார். பிறகு வெள்ளைத் துணியின் ஓரத்தைத் தூக்கி, தம்பியின் இடுப்புக்கு அடியில் மணிக்கட்டு வரை கையை நுழைத்துத் தடவிப் பார்த்து, வெளியே எடுத்தார்.

"காய்ஞ்சுதான்டா இருக்கு," என்றார், தம்பிக்கு மட்டும் கேட்கிற குரலில். "தூங்கு."

மூட வந்தவர் கலைந்திருந்த துணியைச் சரிசெய்யக் குனிந்தார். டீச்சர் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.