ஆறு கயிறும் இரண்டு டிஸ்க்கும்

மடிக்கணினி டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்து மூன்று நாளாயிற்று. ஆ டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள். 'ஆ சொல்லு, ஆ...' என்றே பொழுது போவதால் குழந்தைகள் வைத்த பெயர் அது. நாள் முழுக்க விதவிதமான சத்தம் கேட்டு வீடு திரும்புகிறவளுக்கு இந்த டிக் டிக் ஒரு பொருட்டா? அவள் வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக்காயிற்றே. கணினியின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேரிங் போச்சு. உள்ள இருக்கற தட்டு இன்னும் ஒரு வாரம் சுத்தினா பெரிசு."

"அதுல என்ன லிஃப்டா ஓடுது?"

"சுத்தறது எதுவா இருந்தாலும் ஒருநாள் நிக்கும்."

நிற்கும் என்றதும்தான் அவள் கணினியைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் பதினோரு வருடக் குரல்கள் இருந்தன. ஒவ்வொரு குழந்தையும் வந்த முதல் நாள் எழுப்பிய சத்தம், அப்புறம் மாதம் ஒரு பதிவு. 'ஒண்ணும் தேறலையே டீச்சர்' என்று எந்த அம்மா கண்ணைக் கசக்கினாலும் அவள் ஆறுதல் சொல்லமாட்டாள். முதல் நாள் பதிவைப் போட்டுவிடுவாள். அன்றைக்கு வெறும் 'ம்ம்' என்ற பிள்ளைதான் இன்றைக்கு 'அம்மா, செருப்பு' என்று அதிகாரம் பண்ணுகிறது என்பது அந்த அம்மாவுக்கே விளங்கிவிடும். அவள் தொழிலில் பாதி அந்தப் பதிவுகள்தான். அவை போனால் போனதுதான். தலைகீழாக நின்றாலும் எந்தக் குழந்தையும் தன் முதல் நாளை மறுபடி பேசிக் காட்டாது.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண் கண்ணாடி மேசைமேல் டிஸ்க்குகளைப் பரப்பினாள்.

"இது உள்ள தட்டு சுத்தற வகை சார். நிறைய இடம், விலை கம்மி. கீழ விழுந்தா மட்டும் ஆபத்து. இது சுத்தாத வகை. வேகம் ஜாஸ்தி, விழுந்தாலும் சமாளிக்கும். விலைதான் கொஞ்சம் கடிக்கும்."

வீட்டுக்காரர் சுத்தாததைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். "இதுக்குள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே?"

"அதான் சார் அதோட பெருமை."

டீச்சருக்கு நீல நிறத்தில் இருந்த பெரிய டிஸ்க்கின்மேல் கண். தட்டு சுற்றும் வகைதான், ஆனால் பதினோரு வருடமும் அதில் அடங்கிவிடும். "இது ஒண்ணு போதுங்க," என்றாள்.

"ஒண்ணா?" என்று வீட்டுக்காரர் நிமிர்ந்ததுமே என்ன வரப்போகிறதென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் விற்பனைப் பெண் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒரு லிஃப்டுக்கு எத்தனை கயிறு தெரியுமா?"

"தெரியாதே சார்."

"ஒண்ணே தாங்கும். ஆனா நாங்க ஆறு போடுவோம்."

"ஆரம்பிச்சாச்சா?" என்றாள் டீச்சர். இந்தப் பிரசங்கத்தை அவள் கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறாள், பல் டாக்டரிடம் கேட்டிருக்கிறாள், பக்கத்து வீட்டு நாய்க்குச் சங்கிலி வாங்கப் போன இடத்திலும் கேட்டிருக்கிறாள். விற்பனைப் பெண்ணுக்கோ வாயெல்லாம் பல். ஒரு டிஸ்க்கை இரண்டாக விற்றுத்தரும் கயிற்றை அவள் விடுவாளா? "சார் சொல்றது நூத்துக்கு நூறு சரி மேடம்!"

கடைசியில் நீலம் ஒன்று, வீட்டுப் பீரோவுக்கு. சுத்தாதது ஒன்று, அவள் வேலை பார்க்கும் கிளினிக் மேசைக்கு.

"வீடு தீப்பிடிச்சாலும் கிளினிக்ல ஒண்ணு இருக்கும்ல?"

"முதல்ல வாயைக் கழுவுங்க."

கணினியும் புதிதாக ஒன்று வேண்டுமே. பழையதைத் திங்கட்கிழமை அதே கடையில் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துப்போவதாகப் பேச்சு. பழையதைக் கடைக்காரர்கள் உள்ளே எதுவும் இல்லாமல் துடைத்து உதிரிபாகத்துக்கு அனுப்பிவிடுவார்களாம்.

ஞாயிறு காலை டீச்சர் வேலையில் இறங்கினாள். கணினித் திரையில் 'குரல்கள்' என்று பெயர் போட்டிருந்த சின்ன ஐகான் படத்தை நீல டிஸ்க்குக்குள் இழுத்துப் போட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. சுத்தாததிலும் போட்டாள், அதுவும் அப்படியே. டிஸ்க்கிலிருந்து திறந்து பார்த்தால் ஒரு வாண்டு 'தண்ணி' என்று கணீரென்று கேட்டது.

"என்ன வேகம் பாத்தீங்களா! பதினோரு வருஷம், ஒரு நொடி!"

"இதைக் கழட்டிட்டு வேற மெஷின்ல போட்டுப் பாரு," என்றார் அவர். "கயிறு இழுத்துப் பிடிச்சிருக்கும்போது பிரேக்கை சோதிச்சா அது சோதனையே இல்ல."

"அதான் பேசுதே! உங்களுக்கு எதிலயும் சந்தேகம்."

அவர் பதில் சொல்லுமுன் எங்கேயோ லிஃப்ட் நின்றுபோனதாகப் போன் வந்தது, கிளம்பிவிட்டார். மறுநாள் மத்தியானம் டீச்சர் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கி வந்தாள்.

அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் நீல டிஸ்க்கைப் புதுக் கணினியில் செருகினார். படத்தைத் தட்டினால் ஒன்றும் திறக்கவில்லை. இது காட்டும் இடமே இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது. சுத்தாததிலும் அதே வரி.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவள் இழுத்துப் போட்டது குரல்களை அல்ல, அவை இருக்கும் இடத்துக்கான முகவரிச் சீட்டை. பழைய கணினி கூடவே இருந்தவரை சீட்டு வழிகாட்டியது. இப்போது சீட்டு இருக்கிறது, வீட்டைக் காணோம். கட்டின கயிறு இரண்டும் அந்தரத்தில் தொங்கின.

டீச்சர் இரண்டு டிஸ்க்கையும் மாறி மாறிச் செருகிப் பார்த்தாள். 'நான்தான் சொன்னேனே' என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காகவே ஆயுசுக்கும் அவருக்கு நன்றியோடு இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். அவர் அதற்குள் வண்டிச் சாவியோடு வாசலில் நின்றார்.

கடையின் பின்னறையில் சர்வீஸ்காரர் திருகாணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"மத்தியானம் வந்த பழசா? இன்னிக்கு வந்ததுல மூணைத் துடைச்சாச்சு," என்றார் அவர். டிக் டிக்கென்று சத்தம் போடுமே, அதையுமா என்று கேட்டாள் டீச்சர். "ஓ, அந்த டிக் டிக்கா? அதை இன்னும் தொடலம்மா. சத்தம் கேட்டாலே தலை வலிக்குது. கடைசியா பாத்துக்கலாம்னு ஒதுக்கி வச்சேன்."

போன உயிர் திரும்பி வந்தது. சர்வீஸ்காரர் அதை எடுத்து ஓடவிட்டதும் டிக் டிக்கென்றது. அந்தச் சத்தத்தை டீச்சர் அப்போதுதான் முதல்முறையாகக் காது குளிரக் கேட்டாள். இம்முறை சீட்டை விட்டுவிட்டு, குரல்களையே இரண்டு டிஸ்க்கிலும் ஏற்ற ஆரம்பித்தார் அவர். ஐந்து மணி நேரம் ஆகும் என்றது திரை.

"நாளைக்கு மத்தியானம் வாங்க."

"பதினோரு வருஷம்னா ஆகத்தானே செய்யும்," என்றாள் டீச்சர் பவ்யமாக.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்காரர் இரண்டு டிஸ்க்கையும் வாங்கிக்கொண்டு நேரே கிளினிக்குக்கு வந்துவிட்டார். புதுக் கணினியில் நீலத்தைச் செருகினார். வரிசையாகப் பதிவுகள் வந்தன. உச்சியில் இருந்ததன்மேல் விரலை வைத்தார்.

"அது வேண்டாங்க, கீழ இருந்து போடுங்க," என்று டீச்சர் பதறுவதற்குள் அது பேச ஆரம்பித்துவிட்டது.

"ஹலோ... என்ன பேசறது மேடம்?" ஒரு வாலிபக் குரல்.

"ஏதாவது பேசுங்க. ரெக்கார்டர் புதுசு, பதிவாகுதான்னு பாக்கணும்."

"எனக்கு லிஃப்டைப் பத்தித்தான் தெரியும். ஒரு கயிறே தாங்கும் மேடம். ஆனா நாங்க ஆறு போடுவோம்."

வீட்டுக்காரரின் குரலேதான். கல்யாணத்துக்கு முன்பு, அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம், இந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பழுதுபார்க்க வந்த அன்று அவர் பேசியது. அவருக்கு மறந்தே போயிருந்தது. இரண்டாவதைத் தட்டினார், அதே பேச்சு. மூன்றாவதிலும் அதேதான், குரல் மட்டும் கொஞ்சம் களைத்திருந்தது. 'இன்னொரு தடவையா மேடம்?'

"முதல் தடவையே நல்லாத்தானே பதிவாயிருக்கு," என்றார். "அப்புறம் எதுக்கு மூணு தடவை?"

ஆ டீச்சரின் முகம் காது மடல்வரை சிவந்துவிட்டது. குழந்தைகளின் அட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"ஒண்ணே தாங்கும்னு எனக்கும் தெரியும்," என்றாள்.

அவர் நீலத்தைக் கழற்றிவிட்டுச் சுத்தாததைச் செருகினார். "இதையும் சோதிச்சுடணும்ல," என்று முதல் பதிவிலிருந்து ஆரம்பித்தார்.